இரண்டு டாலர் ஒயினும் காகிதப் பையும்

கலிஃபோர்னியாவில் 2002-ல் ட்ரேடர் ஜோஸ் கடைகளுக்கு சார்ல்ஸ் ஷா ஒயின் வந்தபோது பாட்டில் வெறும் 1.99 டாலர். "டூ பக் சக்" என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் 'இந்த விலைக்கு என்ன ருசி இருந்துவிடும்?' என்று குடிக்கும் முன்பே தீர்ப்பு எழுதுபவர்களும் உண்டு.

நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, மேட்டர் மூளையில் இருக்கிறது. 2008-ல் வெளியான கால்டெக் ஆய்வில் 20 பேருக்கு ஒரே சிவப்பு ஒயினை 5 டாலர் என்று ஒரு தடவை, 45 டாலர் என்று ஒரு தடவை கொடுத்தார்கள். 45 தான் பிரமாதமாம்! பந்தாவுக்குச் சொன்னதும் இல்லை. ஸ்கேனில் மூளையின் இன்பம் உணரும் பகுதியும் கூடுதலாகவே வேலை செய்திருக்கிறது. விலையை மறைத்துக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணோம்.

ஆகவே மலிவு ஒயினை ருசி பார்ப்பவர்கள் முதலில் பாட்டிலைக் காகிதப் பைக்குள் போடட்டும். பிறகு துவர்ப்பு எப்படி, புளிப்பு எப்படி, விழுங்கிய பின் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கட்டும். மலிவு ஒயின் பலவும் கோட்டை விடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். அந்தக் குறையைச் சொன்னால் நியாயம்.

அதற்காக, எந்த ஒயினுக்கும் 10 டாலருக்கு மேல் கூடாது என்று சார்ல்ஸ் ஷாவைத் தயாரித்த ஃப்ரெட் ஃபிரான்சியா சொல்லிவந்தது கொஞ்சம் ஓவர் :-) புது ஓக் பீப்பாய் ஒன்றே பல நூறு டாலர். அந்தச் செலவு பாட்டிலில்தானே ஏறும்?