புகைக்கு முதல் மூச்சைக் கொடுப்பவன்

அண்மையில் ஒரு மரண வீட்டுக்காகத் தெஹியோவிட்டவை அண்டிய தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். செய்தியாளனாக இருந்த காலத்தில் தொழிற்சங்கக் கூட்டங்களுக்காகவும் சம்பளப் போராட்டங்களுக்காகவும் பலமுறை பயணம் செய்த பாதைதான் அது. மறைந்தவர் ஒரு காலத்தில் அத்தோட்டத்தின் சங்கத் தலைவராக இருந்த என் பழைய நண்பர். வாயில் ஏற்பட்ட புற்றுநோயோடு இரண்டு ஆண்டுகள் போராடி ஓய்ந்திருந்தார். வெற்றிலையும் புகையிலையும் அவரை விட்டு ஒருநாளும் பிரிந்ததில்லை.

பந்தலில் என்னருகே ஓர் இளைஞன் அமர்ந்திருந்தான். மறைந்தவருக்குப் பேரன் முறை. வயது 19. கொழும்பில் ஓர் உணவகத்தில் வேலை செய்வதாகச் சொன்னான். என்ன வேலை என்று கேட்டேன்.

“ஹூக்கா போட்டுக் குடுக்கிற வேலைங்க ஐயா” என்றான்.

எனக்கு அத்தொழிலைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை அறிந்ததும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மண் கிண்ணத்தில் பாகு கலந்த புகையிலையை அழுத்தாமல், பொலபொலவென்று, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நிரப்ப வேண்டுமாம். அதன்மேல் அலுமினியத் தாளைப் போர்த்தி, பறைக்குத் தோல் கட்டுவது போல் இழுத்துப் பிடித்து, காற்றுப் புகாமல் விளிம்பைச் சுற்றி மடித்துவிட வேண்டும். தாள் மெல்லியதாக இருந்தால் இரண்டு மடிப்பு. பிறகு ஊசியால் வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி வரிசையாகத் துளைகள். துளை பெரிதானால் சாம்பல் உள்ளே விழும். குறைந்தால் இழுப்பவருக்கு மூச்சு முட்டும். சாம்பல் பூக்கும்வரை நன்றாகக் கனன்ற சிரட்டைக் கரியைத் தாளின் ஓரத்தில் வைத்து, அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும்.

“தாளு தொய்ஞ்சு புகையிலையில பட்டுச்சுன்னா கருகின வாடை வந்திரும் ஐயா. அப்புறம் கஸ்டமர் ஏசுவாங்க.”

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவாய் எனக் கேட்டேன். தானே முதலில் நாலைந்து தடவை இழுத்து, புகையை வரவழைத்த பின்னரே மேசைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான். வார இறுதி இரவுகளில் எத்தனை கிண்ணம் என்று எண்ணுவதில்லையாம். வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது தலை வலிக்குமாம். நித்திரைக் குறைவுதான் காரணம் என்று அவனே ஒரு விளக்கமும் வைத்திருந்தான்.

நித்திரைக் குறைவு மட்டும்தானா? அந்த மெல்லிய தாள் உண்மையில் என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது கரியையும் புகையிலையையும் பிரித்து வைக்கிறது. புகையிலை எரியாமல் வேகிறது. தொண்டையைக் கமறச் செய்யும் காரம் குறைந்து, இனிப்பும் மணமும் எஞ்சுகின்றன. தாளை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டுகிறோமோ அவ்வளவு இதமாகப் புகை வரும். இதமாக வருவதால் இழுப்பவர் ஆழமாகவும் நீண்ட நேரமும் இழுப்பார். உடல் தரும் எச்சரிக்கையை அடக்குவதே அந்த நேர்த்தியின் பயன்.

ஆனால் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, காரமுமில்லை. ஊசித் துளைகளின் வழியே இழுபடும் காற்றோடு அதுவும் சேர்ந்தே உள்ளே போகிறது. ஹூக்காப் புகையில் உள்ள இந்த வாயுவின் பெரும்பகுதி புகையிலையிலிருந்து அன்றி, கரியிலிருந்தே வருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குருதியில் ஒட்சிசன் அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்போது முதலில் தோன்றும் அறிகுறிகள் தலைவலியும் தலைச்சுற்றும் குமட்டலுமே. ஒரு மணிநேரம் ஹூக்கா இழுப்பவர் உள்வாங்கும் புகையின் கனவளவு, ஒரு சிகரெட்டில் உள்வாங்குவதைப் போல் 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005 இலேயே எச்சரித்தது.

தண்ணீரின் வழியே வருவதால் புகை சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை பழையது. அக்பரின் அரசவை வைத்தியரான அபுல் ஃபத் கிலானியே அந்த எண்ணத்தில் ஹூக்காவை வகுத்தார் என்று ஒரு வழக்கு உண்டு. வழக்கு உண்மையோ இல்லையோ, தண்ணீர் புகையைக் குளிரச் செய்கிறதே அன்றி நஞ்சை நீக்குவதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடைசெய்கிறது. மூடிய பொது இடங்களில் புகைத்தலையும் தடைசெய்கிறது. ஆனால் பெரிய விடுதிகளும் உணவகங்களும் புகைப்பதற்கெனத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ள வழிவிடுகிறது. மணமும் நிறமும் இனிப்பும் ஊட்டப்பட்ட சிகரெட்டுகளை 2016 இல் வெளியான ஒழுங்குவிதிகள் தடைசெய்தன. அதே நியாயத்தைப் பாகு கலந்த அந்தக் கிண்ணத்துக்கும் பொருத்தினால், அதற்கு மேசையில் இடம் இருக்காது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 இல் ஹூக்காக் கூடங்களையே தடைசெய்யும் சட்டமூலத்தை நிறைவேற்றியது.

நம் சட்டத்தின் நிழலில் அந்த இளைஞனை நிறுத்திப் பாருங்கள். 19 வயதான அவனுக்கு ஒரு சிகரெட்டை விற்றால் கடைக்காரர் குற்றவாளி. ஆனால் அதே வயதில் இரவு முழுவதும் கரியை ஊதி, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முதல் இழுப்பை இழுத்து, ‘புகைப்போருக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்’ நின்று பரிமாறலாம். புகைக்க வந்தவருக்காகவும் புகைக்க விரும்பாத விருந்தினருக்காகவும் அந்த ஏற்பாடு சிந்தித்திருக்கிறது. சம்பளத்துக்காக இரு பக்கமும் நடப்பவனைப் பற்றி அது நினைக்கவில்லை.

பந்தலில் இதை நான் மெல்லச் சொன்னபோது, அருகிலிருந்த அவனுடைய தகப்பனார் குறுக்கிட்டார். அவர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். இறப்பர்ப் பாலை உறையவைத்து, தாளாக அழுத்தி, கம்புகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாட்கணக்கில் உலர்த்தும் கூடம் அது.

“நாங்களும் புகையிலதானே ஐயா வேல செஞ்சோம். ஆனா கதவ மூடிட்டு வெளிய வந்திருவோம். புகை சீட்டுக்குத்தான், எங்களுக்கில்ல” என்றார்.

இதைவிடத் தெளிவாக நான் எதையும் எழுதிவிட முடியாது.

வேலை கிடைத்ததே பெரிது, அதிலும் குற்றம் காண்பதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக உயர்த்துவதற்கே தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021 இல்தான் அதை எட்டினார்கள். அந்த வருமானத்தில் லயத்து வாழ்க்கையை நகர்த்த இயலாமல்தான் பிள்ளைகள் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே நான் அவனுடைய வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. மேசையில் தேநீர் வைப்பதும் வேலைதான். சமையலறையில் நிற்பதும் வேலைதான். நோயை ஊதிப் பற்றவைப்பது மட்டும் ஒரு பதவியாக இருக்கக் கூடாது என்கிறேன்.

தோட்டத்தில் வெற்றிலையோடு புகையிலை போடாதவர் யார், ஹூக்காவை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர் என்றும் கேட்கலாம். வெற்றிலைப் பழக்கத்தின் விலையைத்தான் அன்று பந்தலின் நடுவே கிடத்தியிருந்தோம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், பாக்கோடு கூடிய வெற்றிலைக் கலவை வாய்ப் புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றங்களுக்கு முக்கிய காரணம் என்று 2010 இல் வெளியான ஆய்வொன்று சப்ரகமுவ மாகாண மக்களிடையே கண்டறிந்தது. தாத்தாவின் தலைமுறை அறியாமல் கொடுத்த விலை அது. பேரனின் தலைமுறைக்கு அறிவிக்காமல் இன்னொரு விலையை விதிக்க வேண்டுமா?

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. 2016 இன் விதிகளை அதிகாரிகள் உணவக மேசைகள்வரை கொண்டுசெல்ல வேண்டும். புகைக்கும் இடங்களில் ஊழியரை நிறுத்துவதைச் சட்டம் தடுக்க வேண்டும். 21 வயதுக்குட்பட்டவரைக் கட்டாயம் தடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், என்ன வேலை என்றும் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்களின் பார்வை தோட்ட எல்லையோடு முடிந்துவிடலாகாது. அவர்களுடைய உறுப்பினரின் பிள்ளைகள் அந்த எல்லையைத் தாண்டிப் பல காலமாகிறது.

புறப்படும்போது அந்த இளைஞன் பாதைவரை வந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டான். தலைவலி தொடர்ந்தால் வைத்தியரிடம் வேலையின் விபரத்தையும் சொல் என்றேன். முதல் இழுப்பை இனியாவது இழுக்காதே என்றும் சொன்னேன்.

“இழுக்காம எப்படிங்க ஐயா குடுக்கிறது?” என்று கேட்டுச் சிரித்தான்.

அவனிடம் சொல்ல எனக்குப் பதில் இருக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.