முதலாளி எண்டு கூப்பிடாதேங்கோ

புத்தூர்ச் சந்தியிலை ஒரு பழைய லொறியைக் கொண்டுவந்து நிப்பாட்டினால் அண்டைக்கே பட்டம் கிடைச்சிடும்: "இனியென்ன, நீ முதலாளி!" என்ர சித்தப்பாவுக்கும் கிடைச்சது. மூன்று வருஷம் கழிய சித்தியின்ர தாலிக்கொடி அடைவிலை, சித்தப்பா வேறொருத்தரின்ர லொறிக்கு ட்ரைவர். இந்த மூன்று வருஷமும் ஊர் அவரை முதலாளி எண்டுதான் கூப்பிட்டது. எனக்குச் சண்டை அந்தச் சொல்லோடதான்.

லீசிங்கில் எடுத்த லொறியின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பதிவு செய்த உரிமையாளர் எண்ட இடத்திலை உங்கட பெயர். முழு உரிமையாளர் எண்ட இடத்திலை ஃபினான்ஸ் கொம்பனியின் பெயர். இந்த இரண்டு வரிக்கும் இடையிலைதான் முழுக் கதையும் இருக்கு. தவணை மாதாமாதம் அவர்களுக்கு. ரயர் வெடிச்சால், கியர்பொக்ஸ் உடைஞ்சால், வெங்காயம் மழையிலை நனைஞ்சால் எல்லாம் உங்களுக்கு. சில தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். லாபத்தில் முதல் பங்கு வேறொருத்தருக்கு, நட்டம் முழுக்கத் தனக்கு என்றிருக்கிறவரை முதலாளி என்பது பகிடி. அவர் தன்ர கூலியைத் தானே தேடிக்கொள்ள வேண்டிய தொழிலாளி.

டீசலைப் பாருங்கள். 2021 டிசம்பர் கடைசியில் லீற்றர் 121 ரூபா. 2022 யூன் 26இல் 460 ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். போய்வர 500. பழைய லொறி லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடுதெண்டு வைச்சால் 100 லீற்றர் வேணும். 12,100 ரூபாவில் முடிஞ்ச ஓட்டம் ஆறே மாதத்திலை 46,000 ஆனது. வாடகை அதே வேகத்திலை ஏறினதோ? லொறிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். சந்தையிலை நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கழிவு எடுத்தபோது விவசாயிக்காகக் குரல் கொடுத்தோம். அது சரி. அந்த மூட்டையை விடியப்புறம் கொண்டுபோய் இறக்கினவருக்கு வெட்டு விழுந்தபோது ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

இன்னொரு கூத்து. 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினார்கள். லொறி போன்ற வர்த்தக வாகனங்களுக்குக் கதவு திறக்க வருஷக்கணக்கு ஆகிவிட்டது. இடையிலை வண்டிக்கு வயசு ஏற ஏற விலையும் ஏறினது. இருபது வருஷம் ஓடின இரும்பைப் பொன்னின்ர விலைக்கு வாங்கினவர்களைக் 'கணக்குத் தெரியாதவன்' எண்டு திட்டுறம். கணக்கைக் குழப்பினது அவர்களோ?

"அப்ப பழைய லொறி வாங்கவேண்டாம் எண்டிறியோ?" எண்டு கேட்பீர்கள். இல்லை. பெரிய தவணையிலை புது வண்டி எடுக்கிறதை விட, கையிலை உள்ள காசுக்குப் பழையதை வாங்கிப் பராமரிக்கிறதுதான் புத்தி. கடன் தவணைக்குத் திகதி இருக்கு, பொறுக்காது. பழைய எஞ்சின் முதலே சத்தம் போட்டுச் சொல்லும். ஆனால் அதைக் கேட்கத் தெரியவேணும்.

சித்தப்பா எனக்குச் சொல்லித் தந்தது இது. வண்டி பார்க்க விடியப் போ. போனவுடனே எஞ்சினிலை கையை வை. சுட்டால், நீ வாறதுக்கு முன்னமே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருக்கிறாங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை எண்டால் எஞ்சின் ஒயில் எரியுது. விடாத கறுப்புப் புகை எண்டால் இன்ஜெக்டரையோ எயார் ஃபில்டரையோ பார். ஒயில் பால் மாதிரி இருந்தால் தண்ணி கலந்திருக்கு, திரும்பி வந்திடு. வண்டிக்குக் கீழ படுத்து, சசியிலை வெல்டிங் தழும்பு இருக்கோ எண்டு பார். சசி இலக்கத்தைப் புத்தகத்தோட ஒப்பிடு. பெயர் மாற்றாமல் 'ஓப்பின் பேப்பரில்' கைமாறி வந்த வண்டியைத் தொடாதே. இன்னொருத்தரின்ர கடனும் வழக்கும் அதோட சேர்ந்து வரலாம்.

இவ்வளவு தெரிஞ்ச மனிசன் ஏன் தோற்றார்? ஒவ்வொரு ஓட்டத்திலும் ரயருக்கும் பிரேக்குக்கும் ஒயிலுக்கும் எண்டு ஒரு பங்கை ஒதுக்கவேணும். அவருக்குக் கிடைச்ச வாடகையில் அந்தப் பங்கே இருக்கேல்லை. ஒயில் மாத்துறதைத் தள்ளிப்போட்டார். தேய்ஞ்ச ரயரோட ஓடினார். ஓட்டத்தைக் கூட்ட நித்திரையைக் குறைச்சார். பழைய லொறி ஆபத்து எண்டு சொல்லுறவர்களுக்கு ஒன்று சொல்லவேணும்: பிரேக் லைனருக்குக் காசு மிஞ்சாத வாடகைதான் ஆபத்து. அந்த ஆபத்து A9 வீதியிலை எதிரே வாற எல்லாருக்கும்தான்.

தடைக்காலத்திலை, பெற்றோல் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின ஊர் இது. பழையதை உயிரோட வைச்சிருக்கிற கைவேலை எங்களுக்குப் புதுசில்லை. மூளாயிலை ஒரு ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்தின சமூகமும் நாங்கள்தான். இருபது லொறிக்காரர் சேர்ந்து ஒரு ரயர் நிதி வைக்கேலாதோ? டீசல் விலையோட சேர்ந்து ஏறி இறங்கிற ஒரு வாடகைப் பட்டியலைச் சந்தையிலை ஒட்டேலாதோ? ஏலும். ஆனால் தன்னை முதலாளி எண்டு நினைக்கிற ஆள் சங்கத்துக்கு வரமாட்டார். பக்கத்து லொறி அவருக்குப் போட்டி. அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு மலிவாகக் கிடைக்குது.

அடுத்த முறை உங்கட கூட்டாளி ஒருத்தன் பழைய லொறியோட சந்திக்கு வந்தால் முதலாளி எண்டு கூப்பிடாதேங்கோ. தவணை எவ்வளவு, ஒரு ஓட்டத்துக்கு என்ன மிஞ்சுது, நேற்று எத்தினை மணித்தியாலம் படுத்தாய் எண்டு கேளுங்கோ. அவன் பதில் சொல்லும்போது பக்கத்திலை நிக்கிற மற்ற லொறிக்காரரையும் கூப்பிடுங்கோ.