பாலாற்றுக்குக் கணக்குச் சொல்வது யார்?

வணிகம் கணக்கில் நிற்பது. வரவும் செலவும் ஏட்டில் ஒத்திருந்தால் வணிகர் மனநிறைவு கொள்கிறார். ஆயின், ஏட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அதனைச் சுமப்பவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு காலணி உருவாகும் வழியைக் காண்போம். கால்நடை வளர்ப்போர், தோலை உப்பிட்டுக் காப்போர், பதனிடுவோர், தைப்போர், ஏற்றுமதியாளர், அயல்நாட்டு வணிகர், அணிவோர் என நீள்கிறது அச்சங்கிலி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் அதன் வலிய கண்ணிகள். தோல் வணிகத்தின் ஈட்டம் இப்பகுதியில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பிற்று. பல்லாயிரம் பெண்களுக்கு வேலையளித்தது. இதனை நன்றியோடு நினைத்தல் நம் கடன்.

ஆனால், இச்சங்கிலியில் பெயர் குறிக்கப்படாத ஒருவர் இருக்கிறார். அவரே பாலாற்றங்கரை உழவர். பதனிடுதலில் சேரும் உப்பும் குரோமியமும் கழிவுநீரோடு அவர் கிணற்றை அடைந்தன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் ஆய்வை, 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சுட்டிற்று. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் அறிவித்தது.

இதனோடு மற்றொன்றை ஒப்பிடுக. 1989இல் ஜெர்மனி, பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைத் தடுப்பு மருந்தைத் தடை செய்தது. அம்மருந்து கலந்த தோலை அந்நாடு ஏற்க மறுக்கவே, நம் பதனிடுவோர் சில ஆண்டுகளிலேயே மாற்று மருந்துக்கு மாறினர். அயல்நாட்டார் காலின் நலனுக்கு விரைந்து கிடைத்த செவி, அண்டை உழவரின் குடிநீருக்கு ஏன் கிடைக்கவில்லை? வாங்குபவரிடம் பணம் இருந்தது. உழவரிடம் முறையீடு மட்டுமே இருந்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, பெரும்பொருள் செலவிடப்பட்டது, உண்மை. எனினும், 2015 சனவரி 31இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழிந்த பின்னும், இழப்பீடு பெறாதோர்க்கு அதனை வழங்குமாறு 2025 சனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

சிறு பதனிடுவோர் மீதே பழி முழுவதையும் சுமத்துதல் நீதியன்று. மலிவு விலை கேட்கும் அயல்நாட்டு நிறுவனமும் இக்கடனில் பங்குடையதே. ஆயினும், நம் பங்கை நாமே முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அளவையில் குறைப்போரின் பெயராலேயே ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. தோலின் விலையில் ஆற்றின் இழப்பைச் சேர்க்காது விடுவதும் குறைந்த அளவையே அன்றோ? மேலும், ஹக்குல் இபாத் என்னும் அடியார் உரிமையில் குறை வைத்தால், உரியவர் மன்னித்தாலன்றி அது தீராது என்பர் மார்க்க அறிஞர். கொடை சிறந்த அறம். ஆயின், பிறருக்குரிய கடனை அது தீர்க்காது.

எவ்வளவு நீர் எடுத்தோம், எவ்வளவு வெளியேற்றினோம், அதில் உப்பும் குரோமியமும் எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆலையும் ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதி வைக்கட்டும். கல்லூரி வேதியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் கிணற்று நீரை ஆய்ந்து, முடிவைக் கிராம சபையில் படிக்கட்டும். சமுதாயப் பெரியோர் இதற்கு முன்னிற்கட்டும்.

மறுமையின் கேள்வி கணக்குக்கு அஞ்சும் நாம், இம்மையில் அண்டை நிலத்தாரிடம் கணக்குக் காட்டத் தயங்கலாமா?