மீட்டுக் கொண்டுவந்து எங்கே விட்டோம்?

ஆட்டுக்கிடையிலிருந்து அந்தச் சிறுவனை மீட்ட அன்று நான் எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. முகத்தை மறைத்துத்தான் பகிர்ந்தேன். லைக் குவிந்தது. "சிறப்பு தோழர்" என்று எழுதினார்கள். பதினோரு மாதம் கழித்து அவன் மறுபடியும் வேலைக்குப் போயிருந்தான். வேறு முதலாளி, கரும்பு வெட்டு. அப்போது நான் படம் எடுக்கவில்லை.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். ஆனால் சாதியைச் சொல்வேன். இருளர். வயது 13. அவனுக்காக அப்பாவிடம் கொடுக்கப்பட்ட முன்பணம் 20,000 ரூபாய். சமூக விசாரணை அறிக்கைப் படிவத்தில் சாதியைக் குறிக்க ஓர் இடம் உண்டு. அதில் 'எஸ்.டி.' என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த எதிலும் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலையும் இல்லை.

குழந்தைகள் நலக் குழுவின் முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். நிறுத்தினோம். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். எல்லா மாவட்டத்திலும் கிட்டத்தட்ட இதே காட்சிதான். ஆட்டுக்காரர் வந்தார். "உக்காருங்க" என்று நாற்காலி காட்டினார்கள். சிறுவனின் அப்பா சுவரோரம் நின்றார். அவரைவிட இருபது வயது இளையவரான உறுப்பினர் கேட்டார்: "ஏன்யா, பெத்த புள்ளைய அடமானம் வெப்பியா? நீயெல்லாம் ஒரு அப்பனா?" ஆட்டுக்காரரிடம் கேட்டது: "என்ன சார், சின்னப் பையனைப் போய் வெச்சிருக்கீங்க?" அவர் சொன்னார்: "எங்க வீட்டுப் புள்ள மாதிரிதான் மேடம் வெச்சிருந்தோம். மூணு வேளையும் சோறு போட்டோம்."

சோறு போட்ட கணக்கு பேசப்பட்டது. இரவில் கிடைக்குக் காவல் படுத்த கணக்கை யாரும் எடுக்கவில்லை. கடைசியில், இனி பள்ளிக்கு அனுப்புவேன் என்ற உறுதிமொழிக் கடிதத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். 'குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று கோப்பு முடிந்தது. ஆட்டுக்காரர் மேல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் வழக்கு. அந்தச் சட்டத்தில் முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம். எங்கள் வழக்கில் அந்த 'அல்லது' போதுமானதாக இருந்தது.

இப்போது சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிப்போம். கடத்தல் என்றால் நம் மனதில் வருவது வெள்ளை வேன், மயக்க மருந்து, மும்பை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143 இரண்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒருவரைச் சுரண்டுவதற்காக, அவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தைப் பணம் கொடுத்து வாங்கி, அவரைச் சேர்ப்பதும் தங்கவைப்பதும் பெற்றுக்கொள்வதும் ஆள்கடத்தல். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல. அதாவது அப்பன் கையில் கொடுத்த அந்த 20,000 முதலாளியைக் காப்பாற்றும் சாட்சியம் அல்ல, குற்றத்தின் ஓர் உறுப்பு. குழந்தையைக் கடத்தினால் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

ஒரே செயல். ஒரு பிரிவில் எழுதினால் அபராதத்தோடு போகிறது. இன்னொரு பிரிவில் எழுதினால் குறைந்தது 10 ஆண்டு. எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்வது என்ன? நாற்காலி யாருக்குப் போடப்பட்டது என்பதுதான் என்கிறேன் நான். பறிகொடுத்த குழந்தை இருளராகவோ பறையராகவோ அருந்ததியராகவோ இருக்கும்போது அந்த வேலை குற்றமாகவே கண்ணில் படுவதில்லை. 'அவங்க பசங்க அப்படித்தான்' என்ற பழக்கமாகப் படுகிறது. சாதி செய்கிற மிகப் பெரிய வேலை இதுதான்: குற்றத்தை வழக்கம் என்று காட்டுவது.

அந்த வழக்கில் எழுதப்படாத சட்டங்களைப் பட்டியலிடுகிறேன். ஒன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது அதன் 3(1)(h) பிரிவில் குற்றம். பதிந்திருந்தால் நிவாரணத்தின் ஒரு பகுதி முதல் தகவல் அறிக்கைக் கட்டத்திலேயே வந்திருக்கும். இரண்டு, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். அதன்படி அடிமைக் கடன் அந்த நொடியே செத்துப்போகிறது. திருப்பி வாங்குவதே குற்றம். ஆனால் அதை நிரூபிக்கக் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழ் வேண்டும். அது தரப்படவில்லை. சான்றிதழ் இல்லாததால் கடன் சாகவில்லை. பையன் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் ஆட்டுக்காரரின் ஆள் குடிசை வாசலில் வந்து நின்றான். அந்தக் கடனை அடைக்கத்தான் கரும்பு வெட்டுக்கான புது முன்பணம்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அது இல்லை. படிவத்தில் எஸ்.டி. என்று எழுதிய அரசு, எஸ்.டி. என்று காகிதம் கொடுக்க மட்டும் மறுக்கிறது. பழங்குடிச் சான்றிதழைத் தர வேண்டியவரும் கோட்டாட்சியர்தான். விடுதலைச் சான்றிதழைத் தர வேண்டியவரும் அவர்தான். ஒரே மேசை, இரண்டு கையெழுத்து. இரண்டும் விழவில்லை.

இது ஒரு பையனின் கதை என்று கடந்து போகாதீர்கள். 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் சிறுவர்கள் கிடைக்கு அடகு வைக்கப்பட்டது செய்தியாக வந்தது. 2025 மே மாதம் காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்த ஒரு குழந்தையின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஆந்திராவின் யானாதிப் பழங்குடிச் சிறுவன். வாத்து வளர்ப்பவரிடம் குடும்பம் பட்ட கடனுக்காகப் பிடித்து வைக்கப்பட்டவன். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குடும்பத்தோடு வாழும் ஏழைக் குழந்தைக்கான நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய்.

"அப்படியானால் குழந்தையைப் பெற்றோரிடம் அனுப்பக் கூடாதா? இல்லத்தில் அடைக்கச் சொல்கிறீர்களா?" என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நானும் சொல்கிறேன். அம்மாவைப் பார்க்காமல் அழும் பழங்குடிக் குழந்தையைப் பூட்டி வைப்பது இன்னொரு சிறை. என் சண்டை வேறு. ஒப்படைக்கும் முன் பெற்றோர் தகுதியானவர்களா என்று குழு ஆராய்கிறது. ஊர் தகுதியானதா என்று யார் ஆராய்வது? கடன் கொடுத்தவன், நிலம் வைத்திருப்பவன், ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டவர்களுக்குப் பட்டா மறுக்கும் அலுவலகம், இருளர் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்த பள்ளிக்கூடம். இவர்களில் ஒருவரிடமும் உறுதிமொழிக் கடிதம் வாங்கவில்லை. கைநாட்டு வைத்தது அந்த அப்பா மட்டும்தான்.

இதே அமைப்புக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. நகரத்துச் சேரிப் பையனின் கையில் கஞ்சாப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புகிறவன் பிடிபடுவதில்லை, பையன் பிடிபடுகிறான். போதைப்பொருள் சுமக்கக் குழந்தையைப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின்படி அவன் பாதிக்கப்பட்டவன். ஆனால் அவனை 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்' என்று கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புகிறோம். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது.

சட்டத்தை இறுக்க வேண்டிய ஒன்றிய அரசோ தளர்த்தியது. 2021-இல் இளைஞர் நீதிச் சட்டத்தைத் திருத்தி, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களை, நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாத குற்றங்களாக மாற்றியது. குழந்தையை வேலைக்கு வைத்துச் சுரண்டுவதும் குழந்தையை விற்பதும் இதில் அடங்கும். கூரை வீட்டுக்காரன் நடுவர் நீதிமன்றத்தின் படியேறி உத்தரவு வாங்கி வர வேண்டுமாம். கொத்தடிமை மறுவாழ்வுக்கான 2016-ஆம் ஆண்டுத் திட்டமும் இதே லட்சணம்தான். குழந்தைக்கு 2 லட்சம் என்று அறிவித்துவிட்டு, உடனடி உதவி போக மீதித் தொகையை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டார்கள். வழக்கே சரியான பிரிவில் பதியப்படாத நாட்டில் தண்டனை எப்போது வரும்?

ஆகவே என் கோரிக்கை எளிது. மீட்கப்பட்ட குழந்தையின் கோப்பை மூடும் முன் நான்கு காகிதங்கள் அதில் இருக்க வேண்டும்: கடத்தல் பிரிவோடும் வன்கொடுமைப் பிரிவோடும் பதிந்த முதல் தகவல் அறிக்கை, விடுதலைச் சான்றிதழ், குடும்பத்தின் சாதிச் சான்றிதழ், மாத உதவித்தொகைக்கான ஆணை. இவை சலுகை அல்ல. ஏற்கெனவே சட்டத்திலும் திட்டத்திலும் இருப்பவை. இவை இல்லாமல் 'ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதுவது, அடகுக் கடைக்கு நகையைத் திருப்பி அனுப்புவது மாதிரி.

இளம் தோழர்களே, அடுத்த முறை 'சிறுவர்கள் மீட்பு' என்று ஒரு படம் உங்கள் திரையில் வரும். அதன் கீழே கைதட்டாதீர்கள். எந்தப் பிரிவில் வழக்கு, விடுதலைச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம். மாவட்டத்தில் எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது என்ற எண்ணிக்கை போதும். நான் அன்று கேட்டிருக்க வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை பார்த்தபோது அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கோபமில்லை. "அண்ணா, இந்தத் தடவ எங்கண்ணா கூட்டிட்டுப் போவீங்க?" என்றுதான் கேட்டான்.