திருப்பூரை நடத்துவது யார்?

அனந்தபுரம், செஞ்சிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போன பிள்ளைகள் பலர். என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் ‘பனியன் கம்பெனி’ என்பார்கள். ஏதோ ஒரே பெரிய கம்பெனி என்றுதான் நம் வயதுக்காரர்கள் நினைப்போம். நமக்குத் தெரிந்தது புதுச்சேரி ரோடியர் மில். நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் ஒரே மதிலுக்குள். சங்கு ஊதினால் வேலை தொடங்கும்.

திருப்பூர் அப்படி அல்ல. நூல் ஒருவரிடம் வாங்கி, நிட்டிங் இன்னொருவரிடம், சாயம் வேறொரு பட்டறையில், பிரிண்டிங் ஓரிடம், தையல் மற்றோரிடம். பெரும்பாலும் ஜாப் ஒர்க்தான். எல்லோருக்கும் மேலே ஒரு மேலாளர் கிடையாது. துணியில் குறை இருந்தால் அடுத்தவர் திருப்பி அனுப்புவார், கூலியில் பிடிப்பார். சொன்ன தேதி தவறினால் அடுத்த ஆர்டர் வராது. கோப்பு மேலே போய்க் கீழே இறங்கும் வரை காத்திருந்தே வாழ்நாளைக் கழித்த என் போன்ற குமாஸ்தாவுக்கு இது ஆச்சரியம்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. கெட்ட துணியைத் திருப்பி அனுப்ப ஆள் இருக்கிறது. கெட்ட தண்ணீரைத் திருப்பி அனுப்ப நொய்யலாற்றுக்கு வழியில்லை. ‘நான் விடுவது கொஞ்சம்தானே’ என்று ஒவ்வொரு பட்டறையும் நினைத்தால் ஆறு என்னாகும்? பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீரே வேண்டாம் என்றார்கள் விவசாயிகள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் நின்றால் தையலும் நிற்கும். நம் பிள்ளைகளின் கூலியும் நிற்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரே நிர்வாகத்தில் இருந்த ரோடியர் மில்லும் 2020-ல் மூடப்பட்டதுதானே. தொழில் சிதறியே இருக்கட்டும். துணியின் தரத்தை அடுத்தவர் பார்த்துக்கொள்வார். யார் கையிலும் இல்லாத ஆற்றுக்குத்தான் பொதுக் கணக்கு வேண்டும். பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதற்கு நல்ல வழி. செலவைப் பங்கு போடலாம். தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே கணக்குப் பார்ப்பவர் பட்டறைக்காரர் மட்டும் என்றால் போதாது. ஆற்றின் கீழே இருக்கும் விவசாயியும் அந்த மேசையில் உட்கார வேண்டும். கெட்ட தண்ணீரைத் திருப்பி அனுப்பும் உரிமை அவருக்குத்தான் உண்டு.