மழைப் பாட்டில் அணுகுண்டு எங்கே?

"இது வெறும் மழைப் பாட்டுத்தானே! இதில் யுத்தம் எங்கே வருகிறது?" என்று சங்கீத ரசிகர்கள் சிலர் கேட்கிறார்கள். மால்வினா ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1962இல் எழுதிய ‘மழையை என்ன செய்துவிட்டார்கள்?’ என்ற பாடலைப் பற்றிய கேள்வி இது. அதே ஆண்டில் ஜோன் பேயஸ் அதை மேடையில் பாடினார். 1964இல் லிவர்பூல் நகரத்து ‘சர்ச்சர்ஸ்’ குழுவினர், நாட்டுப்பாடலோடு ராக் இசையைக் கலந்த புதுப் பாணியில் பாடி அதை நாடெங்கும் பரப்பினர்.

பாட்டைக் கேட்டால் கேள்வி நியாயம்போலத்தான் தோன்றும். புல் வருகிறது, ஒரு சிறுவன் வருகிறான், மெல்லிய மழை பெய்கிறது. குண்டு என்ற சொல்லே இல்லை. எந்த சர்க்காரின் பெயரும் இல்லை. முடிவில் புல்லையும் காணோம், சிறுவனையும் காணோம்.

ஆனால் அந்த ஆண்டு மழையில் என்ன இருந்தது?

1962இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் வான்வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தன. அந்த வெடிப்புகளில் பிறந்த ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் காற்றோடு உலகெங்கும் பரவி, மழையோடு இறங்கியது. மழை புல்லை நனைத்தது, புல்லைப் பசு மேய்ந்தது, பசுவின் பாலைக் குழந்தை குடித்தது. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்கும் இந்த விஷத்துக்கும் உடம்பு வித்தியாசம் காண்பதில்லை. அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும்.

இது கவிஞரின் கற்பனையல்ல. செயின்ட் லூயி நகரத்தில் விஞ்ஞானிகளும் குடிமக்களும் சேர்ந்து, 1958 முதல் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார்கள். பல்லைக் கொடுத்த குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கிடைத்தது. 3 லட்சம் பற்களுக்குமேல் சேர்ந்தன. பரிசோதனைகள் மிகுந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் பற்களில் விஷமும் மிகுந்திருந்தது.

எதிரி நாட்டின்மீது குண்டு விழவில்லை. யுத்தப் பிரகடனமும் இல்லை. ஆனாலும் யுத்தத் தயாரிப்பு சொந்த நாட்டுக் குழந்தையின் எலும்பில் புகுந்துவிட்டது. ரெனால்ட்ஸ் பாடியது இதைத்தான். முதல் உலக யுத்தத்தை எதிர்த்த சோஷலிஸ்டுப் பெற்றோரின் மகள் என்பதற்காகப் பள்ளிச் சான்றிதழ் மறுக்கப்பட்டவர் அவர். யுத்தம் வீட்டுக்குள் எந்த வழியாக வரும் என்பதை அவர் அறிவார்.

இன்னொரு தவறும் நடக்கிறது. மழை என்ற சொல்லைக் கண்டவுடன் சிலர் அணுகுண்டு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பாப் டிலனின் ‘கடும் மழை’ கியூபா நெருக்கடியில் பிறந்த பாடல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நெருக்கடி வந்தது 1962 அக்டோபரில். டிலனோ செப்டம்பரிலேயே அதை மேடையில் பாடிவிட்டார். அது அணு மழையல்ல என்று 1963இல் வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார். அந்தப் பாட்டில் வரும் நஞ்சு, வானொலியும் பத்திரிகைகளும் ஜனங்களுக்குச் சொல்லும் பொய்கள் என்றார்.

இந்த இரண்டு நஞ்சுகளும் ஒன்றுக்கொன்று துணை. 1950களில் அமெரிக்க அணுசக்திக் கமிஷன், பயப்பட ஒன்றுமில்லை என்றே ஜனங்களுக்குச் சொல்லிவந்தது. பொய் முதலில் பெய்ததால்தான் விஷ மழையைக் கேட்பாரில்லாமல் இருந்தது.

1963 ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் வான்வெளிப் பரிசோதனையைக் கைவிட்டன. பாட்டு மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. விஞ்ஞானிகளும் தாய்மார்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் வாயில் பாட்டு இருந்தது.

"அப்படியானால் பாட்டின் வேலை முடிந்துவிட்டதே!" என்பார்கள். முடியவில்லை. குண்டுகள் பூமிக்கடியில் வெடித்தன. 1961 முதல் 1971 வரை வியத்நாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கு மேற்பட்ட களைக்கொல்லி விஷத்தைப் பொழிந்தன. அதுவும் வானத்திலிருந்து விழுந்த மழைதான். 2025இலும் உலகில் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருந்தன.

யுத்தத்தை எதிர்ப்பது ஒரு வேலை, மண்ணையும் நீரையும் காப்பது வேறொரு வேலை என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை கவனித்துக் கேட்கட்டும். மழைக்கும் குழந்தைக்கும் நடுவே இருப்பது ஒரு பிடி புல்தான். அந்தப் புல்லைக் காப்பதும் சமாதானத்துக்கான போராட்டமே.