நிழல் நீங்கிய முன்றில்

இல்லத்திற்கு முகமாவது அதன் முன்றிலே. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இம்முகத்தைப் பேணுங் கவலை பெரிது. பிராங்க் ஜே. ஸ்காட் என்பார் 1870-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், முன்றிலை வேலியிட்டு மறைத்தல் அயலார்மாட்டு அன்பின்மையாம் என வற்புறுத்தினர். இத்தகைய கொள்கை பரவவே, வேலியற்ற புற்றரையும் தெருவோரத்து நிழல்மரமும் அந்நாட்டு முன்றிலுக்கு இலக்கணமாயின.

அந்நிழல்மரமோ பல நகரங்களில் எல்ம் என்னும் ஒரே சாதியாயிருந்தது. 1930-ஆம் ஆண்டில் ஒஹையோ மாகாணத்திற் காணப்பட்ட பூஞ்சண நோய், பட்டைவண்டுகளாற் பரவித் தெருத் தெருவாய் அம்மரங்களை மாய்த்தது. வெற்றிடங்களிற் பலவற்றில் ஆஷ் மரத்தை நட்டனர். விரைந்து வளர்வதும், இலையுதிர் காலத்தே பொன்னிறமும் ஊதாவும் காட்டுவதும் அதன் சிறப்பு. ஆயின் 2002-இல் மிச்சிகன் மாகாணத்து டெட்ராய்ட் நகரருகே ஆசியாவினின்றும் வந்த மரகதநிற வண்டொன்று கண்டறியப்பட்டது. அதன் புழு பட்டையினடியிற் குடைந்து உணவு செல்லும் வழியை அறுத்தலால் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டன. முன்னோர் பட்ட துயரைப் பின்னோரும் பட்டனர். காரணம் இரு முறையும் ஒன்றே.

மரம் வெட்டப்பட்ட முன்றிலில் ஒரே நாளில் முழுவெயில் புகுகின்றது. நிழலில் தழைத்த ஹோஸ்டா முதலிய செடிகள் கருகுகின்றன. வீட்டுக்குடையவர் திகைத்து, அயலார் நட்ட மரத்தையே தாமும் நடுகின்றனர். அன்றி, செந்நிறத்திற்காக யூவானிமஸ் என்னும் ஆசியப் புதரை வைக்கின்றனர். அதன் விதைகளைப் பறவைகள் காட்டிற் பரப்ப, அது நாட்டுச் செடிகளை நெருக்கியழிக்கின்றது. மாசச்சூசெட்சும் நியூ ஹாம்ப்ஷயரும் அதன் விற்பனையைத் தடுத்துள்ளன. இவ்விரு வழியும் தவறென்பதே நமது துணிபு.

நம் நாட்டு வெயிலிற் பழகிய நமக்கு, முழுவெயிலைச் செல்வமென்றல் வியப்பாய்த் தோன்றலாம். ஆண்டு முதிருங்கால் பகல் குறுக, இலையின் பச்சையம் சிதைகின்றது. அதுகாறும் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. சிவப்போ அப்போது புதிதாய் உண்டாவது. இலையிலே தங்கிய சர்க்கரையும் ஒளியும் அதற்கு வேண்டும். தெளிந்த பகலும், உறைபனியில்லாக் குளிர்ந்த இரவும் அமைந்த ஆண்டிலே நிறம் மிகச் சிறக்கின்றது. நிழலில் மங்கும் செடி வெயிலிற் செந்தழலென விளங்குவது இதனாலேயே. ஆகவே நிழலிழந்தார் வருந்துதலோடு நில்லாது, வந்த ஒளியைப் பயன்கொள்ளல் வேண்டும்.

எங்ஙனமெனின், அத்தெருவில் இல்லாத சாதி மரமொன்றை முதற்கண் தேர்க. மேற்றிசையில் அதனை நட்டால் கோடையில் நிழலும், இலையுதிர்ந்தபின் குளிர்காலத்து வெயிலும் கிடைக்கும். சுவரருகே நறுமணச் சூமாக், புளிப்புத்தன்மையுள்ள மண்ணாயின் புளூபெரி, இரண்டும் செந்நிறமெய்துவன. புற்றரையிற் பாதியை நீக்கி, செம்பு நிறங் கொள்ளும் லிட்டில் புளூஸ்டெம் என்னும் புல்லையும், ஆஸ்டர், கோல்டன்ராட் என்னும் பூச்செடிகளையும் வைக்கலாம். மெக்சிகோவை நோக்கித் தென்றிசை செல்லும் மானார்க் வண்ணத்துப்பூச்சிக்கு இவற்றின் தேனே வழியுணவாம்.

கோல்டன்ராட் தும்மல் நோய் தருமென்பார் உளர். அப்பழி அதற்குரியதன்று, அதே காலத்திற் பூத்து, காற்றிலே மகரந்தம் தூவும் ராக்வீட்டிற்கே உரியது. இத்தோட்டம் சீர்குலைந்து தோன்றுமென்பாரும் உளர். உயர்ந்தவை பின்னும் குட்டையானவை முன்னுமாக நிறுத்தி, விளிம்பிலே புல்லை ஒழுங்குற வெட்டிவிடின் அக்குறையும் நீங்கும்.

மற்றொன்றும் மறத்தலாகாது. இன்றைய முழுவெயில் என்றும் நிற்பதன்று. நட்ட கன்று வளர, நிழல் மீளும். வெயில் விரும்பும் செடிகளைத் தென்விளிம்பில் வைப்பவரே வருங்காலத்தை எண்ணினவராவர். தம் கண்ணுக்கு இவ்வாண்டு இனிப்பதை மட்டும் நாடினோர் தெருவெங்கும் ஒரே மரத்தை நட்டு, பேரர்க்கு வெறுந் தெருவை விட்டுச் சென்றனர். பலவகை நடுவோர் முன்றிலில் ஒன்று பட்டாலும் மற்றவை நிற்கும். அழகும் காவலும் ஒருங்கே அமைவது அத்தகைய தோட்டத்திலேயாம்.